கிரிவலம் முடிந்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனதா? ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான். சூடு. கண் எரிந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, முகத்தில் பரு வந்தாலும் சூடு. மலையே அக்னி, ஊரே அக்னித் தலம், உடம்பு மட்டும் குளிர்ச்சியாகவா இருக்கும் என்று கேட்பார்கள்.

என் தாய்மாமாவும் அப்படித்தான் சொன்னார். திருவண்ணாமலையில் சிறிய கடை வைத்திருப்பவர், வயது 54. இருபது வயதில் பிடித்த பீடியை விடவில்லை. பௌர்ணமி கிரிவலத்தையும் விட்டதில்லை. சித்ரா பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு விடியற்காலையில் வீட்டுக்கு வந்தவர் சிறுநீர் கழித்தபோது, செம்பருத்தியைக் கசக்கிக் கரைத்ததுபோலச் சிவப்பாக வந்திருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. இரண்டு இளநீர், ஒரு சொம்பு மோர், காலில் விளக்கெண்ணெய். மறுநாள் சிறுநீர் பழையபடி தெளிந்துவிட்டது. ‘சூடு இறங்கிடுச்சு’ என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கே நாலு மாதம் கழித்துத்தான் தெரியும்.

மாமாவின் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நடந்தால் ரத்தம் வருமா?

வரும். 1881-ம் ஆண்டு ஃபிளைஷர் என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு இளம் ராணுவ வீரரைப் பற்றி எழுதினார். நீண்ட தூரம் அணிவகுத்து நடக்கும்போதெல்லாம் அந்த வீரருக்குச் சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகும். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். கடினமான தரையில் பாதம் மறுபடி மறுபடி மோதும்போது, உள்ளங்காலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓடும் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கி நிறம் தருகிறது. இது பின்னர் புரிந்தது. 1960-களில் ஓட்டக்காரர்களின் காலணிக்குள் மெத்தென்ற அடிப்பகுதி வைத்துப் பார்த்தார்கள், பிரச்னை குறைந்தது.

இன்னொரு வகையும் உண்டு. நீண்ட ஓட்டம், நீண்ட நடை ஆகியவற்றுக்குப் பிறகு சிறுநீரகத்திலிருந்தோ சிறுநீர்ப்பையிலிருந்தோ ரத்த அணுக்களே கொஞ்சம் கசியலாம். மாரத்தான் ஓடுபவர்களிடம் இது சாதாரணமாகப் பார்க்கப்படுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில், அதிகபட்சம் மூன்று நாளில் நின்றுவிடும்.

கிரிவலத்தில் வெறுங்காலோடு தார்ச்சாலையிலும் சிமென்ட் நடைபாதையிலும் 14 கிலோமீட்டர் நடக்கிறோம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை நான்கைந்து மணி நேரம், வழியில் கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டுமே என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. என் அம்மாவும் சித்திகளும் மதியத்திலிருந்தே தொண்டையை மட்டும்தான் நனைப்பார்கள். வந்ததையும் அடக்கிக்கொள்வார்கள். நீர்க்கடுப்புக்கும் கிருமித் தொற்றுக்கும் இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. ஏற்கெனவே சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அது நகர்ந்து வலிக்கத் தொடங்குவதும் இப்படிப்பட்ட நாள்களில்தான். வீட்டுக்கு வந்ததும் கால்வலிக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறோம் பாருங்கள், அதுவும் சேர்ந்து கெடுக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. முதலில் தண்ணீர், பிறகு ஓய்வு. மிகவும் முடியாவிட்டால் பாராசிட்டமால்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதிக உழைப்புக்குப் பிறகு தொடையும் கெண்டைக்காலும் தொட முடியாத அளவு வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில், அளவு குறைந்து வந்தால் அது தசை சிதைந்து அதன் நிறமி இறங்குவதாக இருக்கலாம். சிறுநீரகத்தை அடைத்துவிடும். காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, நடந்ததால்தான் வந்தது என்பதை எப்படி உறுதி செய்வது? மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் நிம்மதி. அப்போதும் 40 வயது தாண்டியவர், புகை பிடிப்பவர் என்றால் அத்தோடு விட முடியாது. மாமா இரண்டிலும் வருகிறார்.

ரத்தம்தானா அது?

பயப்படும் முன் முந்தைய நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசிக்கலாம். பீட்ரூட் பொரியல் சிலருக்குச் சிறுநீரைச் சிவப்பாக்கும். சிவப்பு டிராகன் பழமும் அப்படியே. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இயல்பு, கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தவே கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் ரத்தம் கலந்தும் குழப்பலாம்.

ரத்தமாகவே இருந்தாலும் நிறத்தை வைத்து அளவைக் கணக்கிட முடியாது. ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் தெரியும். எனவே பாத்திரம் சிவந்துவிட்டதே, உடம்பு ரத்தமெல்லாம் போய்விட்டதே என்று மயக்கம் போட வேண்டியதில்லை. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. லேசான இளஞ்சிவப்புதானே என்று அலட்சியப்படுத்தவும் முடியாது. சில நேரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. லேப் ரிப்போர்ட்டில் ‘ஆர்.பி.சி’ என்ற வரியில்தான் இருக்கும். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் இருந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டும். ரிப்போர்ட் வாங்கியதும் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோமே, அந்த வரியையும் ஒருமுறை பாருங்கள்.

காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனையால் ரத்த அணுவையும் வெறும் ஹீமோகுளோபினையும் பிரிக்க முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அதனால் பட்டையில் ‘பாசிட்டிவ்’ வந்தால் அங்கேயே நின்றுவிடாமல் முழு யூரின் பரிசோதனை கேளுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுப்பது நல்லது. காலையில் பிடித்த பாட்டிலை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெயிலில் ஊரெல்லாம் சுற்றி மதியம் கொடுத்தால் அணுக்கள் உடைந்துபோயிருக்கும்.

வலிக்கும் ரத்தம், வலிக்காத ரத்தம்

சிறுநீரகத்தில் தொடங்கி, குழாய், சிறுநீர்ப்பை, ஆண்களுக்குப் புராஸ்டேட், வெளியேறும் பாதை வரை எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் வரலாம். எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, காய்ச்சல் இருந்தால் தொற்று. விலாவிலிருந்து தொடை இடுக்கு வரை இழுத்துப் பிடித்து, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வலித்தால் பெரும்பாலும் கல். ஐம்பது வயதுக்கு மேல் சிறுநீர் மெலிந்து, முக்கி முக்கிப் போனால் புராஸ்டேட் வீக்கம். இவையெல்லாம் தாங்களே சத்தம் போட்டு நம்மை மருத்துவரிடம் அழைத்துப் போய்விடும்.

வலியே இல்லாமல் வந்து, தானாகவே நின்றுவிடும் ரத்தம்தான் ஏமாற்றும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான். ஒருமுறை வரும். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் நாம் குடித்த இளநீருக்கும் வாழைத்தண்டுச் சாற்றுக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

புகைக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கும் நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகிறது. அங்கே அவை மணிக்கணக்கில் தேங்கி, உள்சுவரில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க முதல் காரணம் புகைதான். பீடிக்கு இதில் சலுகை எதுவும் இல்லை.

இன்னொரு காரணம் சாயம். 1895-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து அறுவை சிகிச்சை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னார். பிறகு பென்சிடின் போன்ற பொருள்கள் குற்றவாளிகள் என்று உறுதியாயின. இந்தியாவில் 1990-களில் பென்சிடின் அடிப்படையிலான சாயங்கள் தடை செய்யப்பட்டன. ஆனால் இந்தப் புற்றுநோய் சாயத்தோடு பழகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் வரக்கூடியது. எங்கள் மாவட்டத்து ஆரணியில் பட்டுக்கு, காஞ்சிபுரத்தில், திருப்பூரில், ஈரோட்டில் துணிக்கு என்று சாயத்தில் கை வைத்துப் பிழைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சாயப்பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனால், மருத்துவரிடம் அந்த வேலையையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு தடங்கல். ரத்தம் என்றாலே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று ஐந்து நாள் மாத்திரை, திரும்ப வந்தால் வேறு ஐந்து நாள் மாத்திரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கர்ப்பப்பையிலிருந்து வருகிறது என்று நினைத்து வேறு பக்கம் தேடுவார்கள். இப்படியே மாதங்கள் ஓடும். யூரின் கல்ச்சரில் கிருமியே வளரவில்லை, ஆனால் ரத்தம் மட்டும் போகிறது என்றால், ‘அப்படியானால் எங்கிருந்து வருகிறது டாக்டர்?’ என்று கேளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளிகளும் மாத்திரையால்தான் வருகிறது என்று தாங்களே முடிவு கட்டக் கூடாது. மாத்திரை ரத்தத்தை இளக்கும். ஆனால் கசிவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டுமே. தாங்களே அந்த மாத்திரையை நிறுத்துவது இன்னும் மோசம்.

குழந்தைகளுக்கு வந்தால்

இது வேறு கதை. தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரத்தில், அல்லது காலில் சிரங்கு வந்து ஆறிய சில வாரங்களில், பிள்ளையின் முகமும் கண் இமையும் காலையில் உப்பி, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் கொஞ்சமாகப் போனால், அது சிறுநீரக வடிகட்டிகளின் அழற்சி. ரத்த அழுத்தம் ஏறி வலிப்புகூட வரலாம். ‘மூஞ்சி உப்பியிருக்கு, சதை போட்டிருக்கான்’ என்று பாட்டிகள் மகிழ்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான குழந்தைகள் சரியான கவனிப்பில் முழுமையாகக் குணமாகிவிடுகிறார்கள். இளைஞர்களுக்குத் தொண்டை வலி தொடங்கிய ஓரிரு நாளிலேயே இப்படிச் சிறுநீர் கறுத்தால் அது ‘ஐ.ஜி.ஏ’ வகைச் சிறுநீரக நோயாக இருக்கலாம், அதற்கு நீண்ட காலக் கண்காணிப்பு வேண்டும்.

ஊருக்கு ஊர் காரணம் மாறுவதும் சுவாரஸ்யமான விஷயம். 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்த மரபு இருப்பது கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. அந்த மரபு உள்ளவர்களுக்கு வேறு எந்தத் தொல்லையும் இல்லாமல் சிறுநீரில் மட்டும் ரத்தம் போகலாம். அதே 1952-ல் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டம் கிம்வி கிராமத்தில், நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணியால் மக்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போவதாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நம் பக்கம் அந்த ஒட்டுண்ணி கிடையாது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்த்து, அங்குள்ள ஏரிகளில் குளித்துவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போய், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். மந்திரிக்கப் போகாமல் நேராக ஜி.ஹெச்சுக்குப் போங்கள்.

மாமாவின் கதை

ஆவணியில் இரண்டாவது முறை வந்தது. இந்த முறை கிரிவலம் போகவில்லை, கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அத்தையிடம் சொன்னார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எந்தச் சோதனையும் இல்லாமல் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நின்றது. ஐப்பசியில் கட்டி கட்டியாக வந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் எனக்கு போன்.

“பாப்பா, நீ பத்திரிகையில இருக்கியே, நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?”

“மாமா, எப்பலேருந்து?”

“சித்திரையிலேருந்து.”

டியூப் போட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவினார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் உள்சுவரில் ஒரு வளர்ச்சி தெரிந்தது. அதன் பிறகு சிஸ்டோஸ்கோப்பி. இதன் பெயரைக் கேட்டே பலர் ஓடிவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர் வரும் துவாரத்தின் வழியாக கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே செலுத்திப் பார்ப்பது. மரத்துப்போகும் ஜெல் போடுவார்கள். வெறும் பார்வைக்கு என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒன்றிரண்டு நாள் எரியும். வெட்கம்தான் பெரிய தடை. அதற்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ‘ஆபரேஷன் பண்ணிக்கிறேன், ஆனா இது மட்டும் வேணாம்’ என்று மாமா ஒரு வாரம் அடம்பிடித்தார். ஸ்கேனில் தப்பிவிடும் சிறிய கட்டிகூட இதில் தெரியும். அதனால்தான் வயது கூடியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் இதைச் செய்யச் சொல்கிறார்கள்.

வளர்ச்சியை அதே வழியாகவே சுரண்டி எடுத்தார்கள், வயிற்றைக் கிழிக்கவில்லை. பயாப்ஸியில் புற்றுநோய்தான். ஆனால் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக நாங்கள் பத்து நாள் காத்திருந்தோம். தசைக்குள் இறங்கியிருந்தால் பலருக்குச் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு வாரம் ஒன்றாக ஆறு வாரம், சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பூசி மருந்துதான். அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் உடம்பின் எதிர்ப்புப் படை அங்கே திரண்டு, மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் சேர்த்து அடிக்கிறது. கனடாவின் அல்வாரோ மொராலெஸ் 1976-ல் இதை வெளியிட்டார். சென்னை கிண்டியில் 1948-லிருந்து பி.சி.ஜி தடுப்பூசிக்கென்றே அரசு ஆய்வகம் இருக்கிறது என்று சொன்னபோது மாமாவுக்கு ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. மருந்தை உள்ளே விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். “கிரிவலத்துல அடக்கிப் பழகுனது இப்ப உதவுது” என்றார் அத்தையைப் பார்த்து. அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரையில் வந்தது நடையால் வந்ததா, கட்டியிலிருந்து வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றே ஒரு யூரின் டெஸ்டும் ஸ்கேனும் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில், சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே அறியச் சிறுநீரைச் சோதிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. செலவும் தூரமும் மாமாவுக்குத் தடையாக இல்லை.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கேட்பீர்கள். நல்லதுதான், குடிக்கலாம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

நாள் தள்ளாமல் உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்: ரத்தம் கட்டியாக வருவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, குளிர்க் காய்ச்சலோடு விலா வலி, அடிபட்ட பிறகு சிவப்பாகப் போவது, சிறுநீர் அளவு குறைந்து முகம் வீங்குவது, கர்ப்ப காலத்தில் எந்த அளவு ரத்தமும். வண்டி இல்லாவிட்டால் 108. மற்றபடி ஒரே ஒருமுறை வந்து நின்றிருந்தாலும் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மாமாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பி. இந்த வகைக் கட்டி திரும்ப வரும் பழக்கம் உள்ளது என்பதால் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டும் சுத்தம். பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், அத்தை சட்டைப் பையை மோந்து பார்த்துத்தான் நம்புகிறார். போன பௌர்ணமிக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிரிவலம் போனார். தோளில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், வழியில் இரண்டு இடத்தில் கழிப்பறை வரிசை. இரண்டிலும் நின்றாராம். அடுத்த சிஸ்டோஸ்கோப்பி ஆவணியில்.